பாசறை வாழ்விற் பாதுகாப்பு

(ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ கொதித்தாறிய தண்ணீரையும், கயிற்றையும், காற்செருப்பையும், கொசுவலையையும் பற்றியது. இது ஒரு பேச்சுக்குத் தகுந்த பொருளா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், வருகின்ற ஆண்டில் எமது இளைஞர் பகுதி இரண்டு நாட் பாசறையும், சிரமதானமும், ஒரு யாத்திரையும் நடத்த விரும்புகின்றது. அவற்றுக்குச் செல்லும் பிள்ளைகள் அனைவரும் சென்றபடியே வீடு திரும்ப வேண்டும். இந்த ஒன்று நிறைவேறாவிடின் மற்றெந்தப் பயனும் பயனாகாது. ஆகவே இப்பொருளைப் பேசத் துணிந்தோம்.

இவ்விடயத்தில் எமது ஊரிலே இரண்டு குரல்கள் கேட்கின்றன. "பிள்ளையளை அனுப்பிப்போட்டு வயித்திலை நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க ஏலாது, ஒரு இடமும் போக வேண்டாம்" என்பது பெரியோர் குரல். "எல்லாத்துக்கும் பயந்தால் வாழ ஏலாது, நடக்கிறது நடக்கட்டும்" என்பது இளைஞர் குரல். முன்னையது அன்பினாற் பிறந்தது. பின்னையது துணிவினாற் பிறந்தது. ஆனால் இரண்டும் ஒரே இடத்திற்கே எம்மைக் கொண்டு செல்கின்றன. தடுக்கப்பட்ட பிள்ளை ஒருநாள் சொல்லாமற் போகின்றான். அவனுக்கு நீந்தவும் தெரியாது, அவன் எங்கே நிற்கின்றான் என்று வீட்டாருக்கும் தெரியாது. தடையின்றிச் சென்ற பிள்ளையோ ஆயத்தமின்றிப் போகின்றான். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அது ஆயத்தத்தோடு போவது. அந்த வழியையே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வெளிக்கள வாழ்வு இளைஞருக்கு ஏன் வேண்டும் என்பதை முதலிற் சொல்லுவோம். 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பேடன் பவல் என்பவர் இங்கிலாந்தின் பிரவுண்சீ என்னும் சிறு தீவிலே இருபது பேர் வரையிலான சிறுவரைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்திற் படுத்து ஒரே சட்டியில் உண்டார்கள். அதிலிருந்து பிறந்த சாரண இயக்கம் 1912இல் இலங்கைக்கு வந்தது. 1958இலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின அவர்கள் மாணவரைக் கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற்கு அழைத்துச் சென்று சிரமதானப் பாசறை நடத்தினார். சர்வோதய இயக்கத்தின் தொடக்கம் அதுவே. நாம் கற்ற மிசன் பாடசாலையிலும் சாரணர் குழு இருந்தது. அடுப்பு மூட்டவும், முடிச்சுப் போடவும், தன் பாத்திரத்தைத் தானே கழுவவும், பக்கத்திலிருப்பவன் எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேளாமல் உடனிருந்து உண்ணவும் அங்கே கற்றோம். புத்தகத்தாற் கிட்டாத கல்வி இது. இதனை எமது பிள்ளைகளுக்கு மறுப்பது நன்றன்று.

ஆயினும் அதே 1912ஆம் ஆண்டின் மற்றொரு செய்தியையும் மறைக்கக்கூடாது. அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி, இலண்டனைச் சேர்ந்த சாரணச் சிறுவர் தம் ஆண்டுப் பாசறைக்குப் படகிலே செல்லுகையில் லேஸ்டவுண் கரைக்கருகே திடீரென வீசிய காற்றினாற் படகு கவிழ்ந்தது. எட்டுச் சாரணரும், உடன்சென்ற பயிற்சிக் கப்பற் சிறுவன் ஒருவனுமாக 9 பேர் மாண்டனர். எண்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 1993 மார்ச் 22ஆம் திகதி, அதே நாட்டின் லைம் குடாவில் சிறு ஓடங்களிற் பயிற்சிக்குச் சென்ற மாணவர் எண்மரில் நால்வர் குளிர்நீரில் இறந்தனர். அவர்கள் உரிய நேரத்திற்குத் திரும்பாதபோது கரையிலிருந்தவர்கள் நெடுநேரம் உதவி கோரவில்லை. அதனினுங் கொடியது வேறொன்று. அந்நிலையத்திற் பணியாற்றிய இளம் பயிற்றுநர் இருவர் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டி முன்னமே கடிதம் எழுதியிருந்தனர்; அது கவனிக்கப்படவில்லை. நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளர் சிறை சென்றார். 1995இல் இத்தகைய நிலையங்களைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியாவில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளினின்றும் நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று. வானிலையை அறியாமற் புறப்படக்கூடாது. "இத்தனை மணிக்குத் திரும்பாவிடில் இன்னாருக்கு அறிவிக்க வேண்டும்" என்று கரையிலிருப்பவரோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். வயதில் இளையவன் ஒருவன் "இது பிழை" என்று சொன்னால், சொன்னவன் வயதைப் பாராமற் சொன்ன பொருளைப் பார்க்க வேண்டும்.

இனி எமது நாட்டிற்கு வருவோம். 2023 மார்ச் மாதத்தில், வெல்லவாயப் பகுதியிலுள்ள எல்லவல நீர்வீழ்ச்சியிலே, கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலாச் சென்ற இளைஞர் நால்வர் மூழ்கி உயிரிழந்தனர். ஒரே நாளில் நான்கு வீடுகளில் ஒப்பாரி. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களிற் பெரும்பகுதியினர் இளையோர். அவ்வாண்டிலேதான் ஐக்கிய நாடுகள் சபை யூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாகப் பிரகடனம் செய்தது.

"ஆழமறியாமற் காலை விடாதே" என்று எமது கிழவிமார் சொல்லுவர். அந்தப் பழமொழி எத்தனை உண்மையானது என்பதை அருவியும் குளமும் காட்டுகின்றன. அருவியின் அடியிலே மேலே தெளிந்து கிடக்கும் நீரின் கீழ், விழுநீர் குடைந்த பள்ளங்களுண்டு. பாசி படிந்த பாறையுண்டு. குளத்திலே மண் அகழ்ந்த குழிகளுண்டு. இடுப்பளவு நீரில் நின்றவன் அடுத்த அடியில் தலைக்கு மேலான நீரில் நிற்பான். மலைநாட்டில் மேலே மழை பெய்தால், கீழே வெயில் எறிக்கும்போதே ஆறு பெருகும். கடலிலோ கரையிலிருந்து ஆழத்தை நோக்கி இழுக்கும் நீரோட்டமுண்டு. அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்தே மாள்கின்றான். கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தினால் அந்த ஓட்டத்தின் எல்லையைக் கடக்கலாம். பின்பு கரை சேரலாம். நீந்த இயலாவிடின் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். காலமும் அறிதல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றின்போது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். மே முதற் செப்டெம்பர் வரை தென்மேற்குக் கடல் கொந்தளிக்கும்.

நீரில் ஒருவருக்குப் பின் ஒருவராக இறப்பது ஏன் என்று சிந்திக்க வேண்டும். ஒருவன் மூழ்குகின்றான், தோழன் பாய்கின்றான், மூழ்குபவன் உயிராசையால் அவனை இறுகப் பற்றிக்கொள்கின்றான், இருவரும் போகின்றனர், மூன்றாமவன் பாய்கின்றான். அன்பே இங்கு யமனாகின்றது. ஆகவே, பயிற்சி பெறாதவர் நீரிற் பாய்ந்து காப்பாற்ற முயலலாகாது என்பதைப் பிள்ளைகள் மனத்திற் பதிய வைக்க வேண்டும். கரையிலிருந்தபடி நீண்ட தடியை நீட்டலாம், கயிற்றை எறியலாம், இரண்டு சேலைகளை முடிந்து வீசலாம், மூடியிறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கலனை எறிந்தால் அதுவே மிதவையாகும். குளிக்கச் செல்லும் குழு எதுவும் ஒரு நீண்ட கயிறும் இரண்டு வெற்றுக் கலன்களும் இன்றிச் செல்லக்கூடாது. இறங்கு முன் அவ்விடத்து ஊர்வாசி ஒருவரிடம் கேட்க வேண்டும். இருவரிருவராகச் சோடி சேர்த்து, விசிலூதியதும் ஒவ்வொருவரும் தன் சோடியின் கையைப் பற்றி உயர்த்தச் செய்து எண்ண வேண்டும். நீரில் இறங்காமல் எண்ணிக்கொண்டு கரையில் நிற்பதற்கென்றே இருவர் வேண்டும். அவர்கள் கையிலே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாகாது.

நீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகப் பிடிப்பதும், வயிற்றை அமுக்குவதும், சுழற்றுவதும் பழைய வழக்கங்கள். அவற்றால் நன்மையில்லை, நேரமே வீணாகும். மூச்சில்லையெனின் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்சாய்த்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிய பின், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை வேகத்தில், 5 சென்ரிமீற்றர் அளவு ஆழத்திற்கு அமுக்க வேண்டும். முப்பது அமுக்கம், இரண்டு மூச்சு என்ற முறையில், உதவி வரும்வரை விடாது செய்ய வேண்டும். இதனைச் சொல்லாற் கற்க முடியாது. முதலுதவிப் பயிற்சி அளிப்பவரை அழைத்து, பொம்மையின்மேற் செய்து பழக வேண்டும்.

அடுத்தது வீதி. பாசறையின் ஆபத்து பாசறையிலே தொடங்குவதில்லை, வண்டியேறும்போதே தொடங்குகின்றது. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் வண்டி கொத்மலைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியிலே சுற்றுலா சென்று திரும்பிய பஸ் வண்டி வீழ்ந்து 15 பேர் மாண்டனர். ஒன்று அதிகாலை, மற்றொன்று இரவு, இரண்டும் மலைவீதி. "இரவிரவாய்ப் போனால் ஒரு நாள் மிச்சம்" என்று கணக்கிடுவது எமது வழக்கம். அந்தக் கணக்கிலே சாரதியின் நித்திரையை நாம் சேர்ப்பதில்லை. பகலிலே செல்லுவோம், தூரப் பயணத்திற்கு இரண்டு சாரதிகளை அமர்த்துவோம், அவர்களுக்குப் படுக்க இடமும் வேளைக்கு உணவும் கொடுப்போம். ஆசனத்திற்கு மேற்பட்ட ஆளை ஏற்றோம். புகையிரதத்தின் மிதிபலகையில் தொங்கிப் படம் பிடிப்பதைத் துணிவென்று எண்ணோம்.

மூன்றாவது வெயில். எமது வரண்ட பிரதேசத்திலே மார்ச் முதல் செப்டெம்பர் வரையும் வெயில் கடுமை. உடலின் வெப்பத்தை வியர்வையே தணிக்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உடல் உள்ளுக்குள்ளே சூடேறும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியன முதற் குறிகள். அப்போதே நிழலில் இருத்தி, நீரும், உப்பிட்ட மோரும், இளநீரும் கொடுத்தால் ஆறிவிடும். அதனைப் பொருட்படுத்தாது "இன்னுங் கொஞ்சத் தூரந்தான், நட" என்று விரட்டினால், வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து, பிள்ளை பிதற்றத் தொடங்குவான், மயங்கி வீழ்வான். அது உயிராபத்து. அவ்வேளை வண்டியை எதிர்பார்த்துச் சும்மா நில்லாமல், சட்டையைக் களைந்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறி, குளிர்வித்துக்கொண்டே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். மயங்கியவர் வாயில் நீர் ஊற்றலாகாது. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நடையும் ஓட்டமும் வேண்டாம். வெயிலில் ஓடவைத்துத் தண்டிப்பது எக்காரணத்தாலும் வேண்டாம்.

இங்கே தாய்மார் முன்னிலையில் ஒன்றை வெளிப்படையாகக் கூற அனுமதி வேண்டுகின்றோம். எமது பெண்பிள்ளைகள் பயணத்திலே நீர் அருந்துவதில்லை. தாகமின்மையன்று காரணம், வழியில் மறைவான, சுத்தமான மலசலகூடம் இல்லை. அதனாற் காலை முதல் மாலை வரை ஒரு வாய் நீரும் பருகாது வெயிலில் நடக்கின்றனர், மயங்குகின்றனர், சிறுநீர்ப்பாதை நோய்க்கும் ஆளாகின்றனர். பின்பு "பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று தீர்ப்பளிக்கின்றோம். ஒத்துவராதது அவர்கள் உடலன்று, எமது ஏற்பாடே. எந்தெந்த இடத்தில் வண்டி நிற்கும், அங்கே கதவும் தாழும் உள்ள மலசலகூடம் உண்டா என்று முன்சென்று பார்த்து வருவதும், மாதவிலக்குத் துணியும் சவர்க்காரமும் பொதுப் பெட்டியில் வைப்பதும், பெண் பொறுப்பாளர் இருவரை உடனனுப்புவதும் அமைப்பாளரின் முதற் கடமை.

நான்காவது நீரும் உணவும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. பாறையின் வெடிப்புகளூடாக மழைநீர் விரைந்து இறங்குவது போலவே மலகூடக் குழியின் கழிவும் கிணற்றை அடையும். எனவே தெளிந்த நீரெல்லாம் தூய நீரென்று கொள்ளலாகாது. நீர் நன்கு கொதித்து எழும்பிய பின் ஆற்றி, மூடிய பாத்திரத்தில் வைத்து, நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல் வைப்பது எமது ஊரின் அழகிய தர்மம். ஆனால், கொதித்தாறிய நீரிலே சர்க்கரை கரைத்துவிட்டு அதில் எந்த நீரிற் செய்ததென்று தெரியாத ஐஸ் கட்டியைப் போட்டால், தர்மத்தோடு வயிற்றோட்டத்தையும் சேர்த்தே வழங்குகின்றோம். பாசறைக்குத் தற்காலிக மலகூடம் வெட்டினால் கிணற்றுக்கு 30 மீற்றருக்கு அப்பால், நீர் ஓடும் திசைக்குக் கீழே வெட்ட வேண்டும். சோறு சமைத்தவுடன் பரிமாறல் நன்று. காலையிற் சமைத்த சோற்றை மாலைவரை வெப்பத்தில் வைத்திருந்தால், அதிலே வளரும் கிருமியின் நஞ்சு மீண்டுஞ் சூடாக்கினாலும் அழியாது. வயிற்றோட்டமோ, கைப்புண்ணோ உள்ளவர் அன்று சமையற்கட்டுக்குள் வரலாகாது.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் என் செய்வது? 1971இல் வங்கதேசப் போர்க்காலத்தில் எல்லை கடந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, திலீப் மகலானபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைத் தாய்மாரே பிள்ளைகளுக்குப் பருக்கும்படி செய்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த மரணம் 4க்குங் கீழே இறங்கியது. அந்த நீரே இன்று நாம் மருந்துக்கடையில் வாங்கும் ஜீவனிப் பொடி. அது கிடையாவிடத்து, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கலாம். அளவு தவறலாகாது, உப்பு மிகுந்தால் தீங்கு. மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ, சிறுநீர் நின்றாலோ வைத்தியசாலைக்கே போக வேண்டும்.

ஐந்தாவது சிரமதானம். கேணி தூர்வாருதலும், வாய்க்கால் வெட்டுதலும், கிணறிறைத்தலும் புண்ணிய கருமங்கள். ஆனால் எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் எலிக்காய்ச்சற் கிருமியுண்டு. காலிலுள்ள சிறு கீறல் அதற்குப் போதிய வாசல். 2008இல் இந்நாட்டிலே 7,000க்கு மேற்பட்டோர் இந்நோயினரெனச் சந்தேகிக்கப்பட்டனர். 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்திலும் உயிர்கள் போயின. சேற்றில் இறங்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் கேட்டால், வேண்டியவர்க்குத் தடுப்பு மாத்திரை பற்றி ஆலோசனை கிடைக்கும். இறங்கிய பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், "சேற்றில் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் சொல்ல மறக்கலாகாது. மண்வெட்டி பட்ட காயத்துக்கு ஏற்பு ஊசியின் நிலை பார்க்க வேண்டும். கிணற்றுக்குள் இயந்திரத்தை இறக்கி இறைப்பது கொலைக்கொப்பானது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒருவன் உள்ளே வீழ்ந்தால் அவனைத் தூக்க இறங்குபவனும் வீழ்வான். நீரிலே கண்ட அதே கதை இங்கும் நிகழும்.

ஆறாவது பாம்பும் இடியும். எட்டடி விரியன் இரவிலே, தரையில் நித்திரை கொள்பவரைக் கடிக்கும். கடித்தது நோவதில்லை, தடமும் தெரிவதில்லை. விடியலில் வயிற்றுவலி, கண்ணிமை தொங்குதல், விழுங்க இயலாமை என்பன தோன்றும். கட்டிலின்றேல், கொசுவலையை விரித்து அதன் ஓரங்களைப் பாயின்கீழ் நன்றாகச் செருகிப் படுப்பது பெருங் காப்பு. அது டெங்குக்காய்ச்சலின்றும் ஓரளவு காக்கும். ஆயினும் டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பதாதலால் பகலிலும் கவனம் வேண்டும். பாம்பு கடித்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் மூன்றும் தவறு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்க விடாமற் தூக்கி, அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எமது விஷகடி வைத்தியர் பரம்பரையை நாம் மதிக்கின்றோம். எனினும் மூச்சுத் தசை செயலற்றுப் போனால் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் கருவி வைத்தியசாலையிலேதான் உண்டு. இடியைப் பொறுத்தவரை, மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் மின்னல் மிகும். மின்னி முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் உடனே கட்டிடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ செல்ல வேண்டும். கடைசி இடியின் பின் முப்பது நிமிடம் பொறுக்க வேண்டும். பனையடியும் கூடாரமும் புகலிடமல்ல.

உகந்தையிலிருந்து குமண, யால வனங்களூடாகக் கதிர்காமம் நடக்கும் அடியார் கூட்டத்தோடு சேர விரும்பும் இளைஞரும் எம்மிடையே உளர். பழகாத கால்களோடு அந்நடையிற் புகலாகாது. ஒரு மாதம் முன்பே நடந்து பழக வேண்டும். புதுச் செருப்பு அன்று வேண்டாம். கூட்டத்தைப் பிரிந்து தனித்தோ, இருளிலோ நடத்தல் யானைக்கு எதிரே போவதாகும். மாணிக்க கங்கையிலும் வனத்துக் குளங்களிலும் முதலையுண்டென்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இத்தனையும் கேட்ட பின் பெரியவர் ஒருவர், "தம்பி, எழுதியபடிதானே நடக்கும்" என்று சொல்லக்கூடும். விதியை நாம் மறுக்கவில்லை. ஆனால், பயிருக்கு வேலி போடும்போது விதியை நினைத்து வேலியை விடுகின்றோமா? இராக்காலத்தில் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுப் படுக்கின்றோமா? மாட்டுக்கும் மரக்கறிக்கும் செய்யும் காவலைப் பிள்ளைக்குச் செய்யாது, பின் விதியின்மேற் பழியைப் போடுவது நீதியன்று. ஆயத்தம் செய்தபின்னும் ஆபத்து வரலாம். அப்போது ஆறுதற்கு விதியை நினைக்கலாம். ஆயத்தம் செய்யாமற் சோம்பியிருந்ததற்கு அது சாட்டாகலாகாது.

இளைஞரிடமும் ஒரு வார்த்தை. பொறுப்பாளர் "இறங்காதே" என்று சொன்ன இடத்தில் இறங்குபவன் தன் உயிரை மாத்திரம் பணயம் வைக்கவில்லை. தன்னைத் தூக்கப் பாயும் தோழன் உயிரையும், அடுத்த ஆண்டு பாசறைக்குச் செல்லக் காத்திருக்கும் தம்பி தங்கையரின் வாய்ப்பையும் பணயம் வைக்கின்றான். ஒரு விபத்து நேர்ந்தால் இருபது ஆண்டுகளுக்கு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

ஆகவே சங்கத்தின்முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, ஒவ்வொரு பயணத்திற்கும் முன் இருவர் அவ்விடஞ் சென்று நீர்நிலை, கிணறு, மலசலகூடம், கிட்டிய வைத்தியசாலை ஆகியவற்றைப் பார்த்து எழுதி வர வேண்டும். இரண்டு, பெற்றோரின் சம்மதக் கடிதத்தோடு, தொய்வு, வலிப்பு, இருதய நோய், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து ஆகியன பற்றிய குறிப்பையும் பெற வேண்டும். அதனை இரகசியமாகப் பேண வேண்டும். நோயுள்ள பிள்ளையை விலக்குவதற்கன்று, அழைத்துச் செல்வதற்கே அக்குறிப்பு. மூன்று, ஆண்டுதோறும் முதலுதவி வகுப்பும், நீச்சற் பயிற்சியும் நடத்த வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் அவை வேண்டும். நான்கு, பயணப் பட்டியலொன்று ஊரிலே ஒருவர் கையில் இருக்க வேண்டும். 2016இல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்சின் இலக்கமாகிய 1990, பொலிசின் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய மூன்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாயிருக்க வேண்டும். ஐந்து, திரும்பி வந்த மறுவாரம் கூடியிருந்து, நேர்ந்ததையும் நேரவிருந்து தப்பியதையும் ஒளியாமற் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தப்பியதை எழுதினாலே அடுத்த குழு தப்பும்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கயிறு, கலன், விசில், கொசுவலை, ஜீவனிப் பொதி, ஒரு குறிப்பேடு, சிறிது முன்யோசனை, இவ்வளவே. பெரியோர்களே, ஆயத்தத்தைக் கேளுங்கள். ஆயத்தம் கண்டால் அனுமதியுங்கள். இளைஞர்களே, அனுமதியைக் கேட்குமுன் ஆயத்தத்தைக் காட்டுங்கள். பாசறைக்குப் புறப்படும்போது எண்ணிய தலைகளைத் திரும்பி வந்து இம்மண்டப வாசலிலே மீண்டும் எண்ணுவோம். அந்த இரண்டு எண்களும் ஒன்றாயிருப்பதே எமது சங்கத்துக்கு ஆண்டு முழுவதற்குமான பெருமை.